கோடைக்கால ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ்: லூர் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பென்சில்வேனியா மாநிலத்தின் தலைநகரான ஹாரிஸ்பர்க் அருகே சஸ்குவஹானா ஆறு ஏறத்தாழ ஒரு மைல் அகலத்துக்கு விரிந்து ஓடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் ஊரை ஒட்டிய ஒட்சேகோ ஏரியில் புறப்பட்டு, 444 மைல் (சுமார் 715 கிலோமீட்டர்) கடந்து செசபீக் விரிகுடாவில் கலக்கும் இந்த ஆற்றுக்கு அகலத்துக்கேற்ற ஆழம் கிடையாது. ஆகஸ்ட் மாதத்தில் பல இடங்களில் நீர் இடுப்பைத் தாண்டுவதில்லை. படுகை முழுவதும் பாறை. ஆற்றின் குறுக்கே வரிவரியாக நீளும் பாறைத்தட்டுகள், அவற்றுக்கிடையே சிறு மடுக்கள், நடுவே நீர்ச்செடி அடர்ந்த தீவுகள். ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனுக்காகவே வார்த்ததுபோல் அமைந்த ஆறு இது. ஆனால் அந்த மீன் இவ்வாற்றின் பூர்வகுடி அன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொண்டுவந்து விடப்பட்டது.

லூர் என்று தூண்டில்காரர்கள் சொல்லும் செயற்கை இரையை வாங்கக் கடைக்குப் போகும் புதியவர், சுவர் முழுக்கத் தொங்கும் நூற்றுக்கணக்கான வண்ணங்களைப் பார்த்து நிறத்தில்தான் தேர்வைத் தொடங்குகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் கோடை முழுவதும் அதற்குரிய விலையைக் கொடுத்தேன். இன்று நான் பின்பற்றும் வரிசை வேறு: முதலில் நீர், அடுத்து மீன் நிற்கும் இடம், பிறகு லூரின் எடை, பிறகு வடிவம், கடைசியாக நிறம். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் செல்கிறது. சஸ்குவஹானாவையும் அதன் துணையாறான ஜூனியாட்டாவையும் மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும், பாறைப்படுகை கொண்ட மற்ற ஆறுகளுக்கும், எடுத்துக்காட்டாக வர்ஜீனியாவின் ஷெனண்டோவாவுக்கும் ஒன்டாரியோவின் கிராண்ட் ஆற்றுக்கும், இது பெரும்பாலும் பொருந்தும்.

நீரை அறிதல்

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஹாரிஸ்பர்க்கில் வைத்திருக்கும் நீர்மட்ட அளவியின் எண்ணை இணையத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வறண்ட கோடையில் அந்த எண் 3 அடிக்கும் 4 அடிக்கும் இடையில் இருக்கும். அந்த நிலையில் ஆறு தெளிந்து, பாறைகள் தலைகாட்டி, கால்வைத்து இறங்கத்தக்கதாக இருக்கும். அதைவிட ஓரடி கூடினாலே ஓட்டத்தின் வலிமை வெகுவாக மாறிவிடும். நேற்று போதுமானதாக இருந்த லூர் இன்று அடியைத் தொடாமலே அடித்துச் செல்லப்படும். எண்ணைவிட அதன் போக்கு முக்கியமானது. இறங்கிக்கொண்டிருக்கும் நீர் நல்லது. ஏறிக்கொண்டிருக்கும் நீரில் இறங்கவே கூடாது.

ஒரு நுணுக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஜூனியாட்டா ஆறு ஹாரிஸ்பர்க்குக்கு வடக்கே, டன்கானன் ஊருக்கருகில் மேற்குப் பக்கமாக வந்து சஸ்குவஹானாவில் சேருகிறது. சேர்ந்த உடனே இரு நீரும் ஒன்றாகிவிடுவதில்லை. ஜூனியாட்டாவின் நீர் பல மைல் தூரம் மேற்குக் கரையையே ஒட்டி ஓடுகிறது. ஜூனியாட்டாவின் மேல்பகுதியில் இடிமழை பெய்தால் ஹாரிஸ்பர்க்கின் மேற்குக் கரை கலங்கல் பூண்டிருக்க, கிழக்குக் கரை தெளிவாகவே இருக்கும். ஒரே ஆற்றில், ஒரே காலையில், இரண்டு கரைக்கும் இரண்டு விதமான லூர் தேவைப்படும். பாலத்தின் மேல் வண்டியை மெதுவாகச் செலுத்தி ஒருமுறை எட்டிப் பார்த்தால் அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும்.

தெளிவை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நீரில் இறங்கி நின்று உங்கள் காலணியைப் பாருங்கள். இடுப்பளவு நீரிலும் காலணியின் கயிறு தெரிந்தால் தெளிந்த நீர். முழங்காலுக்குச் சற்று மேலே வரும் நீரில் மட்டும் தெரிந்தால் மங்கல். முழங்காலளவிலேயே மறைந்துவிட்டால் கலங்கல். இந்த மூன்று சொற்களைப் பின்னால் பலமுறை பயன்படுத்தப் போகிறோம்.

அடுத்தது வெப்பம். ஸ்மால்மவுத் பாஸ் மிகச் சுறுசுறுப்பாக இரை தேடுவது ஏறக்குறைய 20 முதல் 26 செல்சியஸ் வரையான நீரில். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது: 20 செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் நிற்கும் இடத்தில், 30 செல்சியஸில் ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். மீனின் உடலோ சூட்டில் கூடுதல் ஆக்சிஜனைக் கேட்கும். ஆகவேதான் நடுக்கோடைப் பகலில் மீன் ஆழத்தை மட்டும் தேடாமல், பாறையில் மோதி நுரைத்து ஓடும் நீரையும் தேடிப் போகிறது. "வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும்" என்பது ஏரிக்குச் சரி. ஆற்றில் பாதிதான் சரி. சமையலறை வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி எடுத்துச் செல்வது, பத்து லூர் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

கல்லைப் புரட்டிப் பார்த்தல்

கரையோரம் கணுக்கால் அளவு நீரில், உள்ளங்கை இரண்டு அளவுள்ள தட்டைக்கல் ஒன்றைத் தேர்ந்து, அதன் கீழ்நீர்ப் பக்கத்தை, அதாவது ஓட்டம் போகும் பக்கத்தை, மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். முதலில் ஒரு புகைமூட்டம்போல் சேறு கிளம்பி ஓட்டத்தில் கரையும். அது கலைந்ததும், கல் இருந்த குழியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று கொடுக்குகளை உயர்த்திப் பின்வாங்கும்; தொட்டால் வாலை மடித்து அடித்து, பின்பக்கமாக ஓரடி தூரம் பாய்ந்து மீண்டும் அடியில் அமரும். அதுதான் கிரேஃபிஷ். நம் ஊர் இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் நிற்பதுபோன்ற தோற்றமுள்ள நன்னீர் உயிரினம் இது. கோடையில் பாஸ் மீனின் முதன்மை உணவு இதுவே. அதன் மேலோட்டின் இருபுறமும் துருப்பிடித்ததுபோல் செம்பழுப்புப் புள்ளி இருந்தால், அது வெளியிலிருந்து வந்து இவ்வாற்றில் பரவிவிட்ட ரஸ்டி கிரேஃபிஷ்.

அந்த உயிர் தப்பித்த விதத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: தாழ்வாக, பின்பக்கமாக, சிறு பாய்ச்சலாக, பிறகு ஓர் அசைவின்மை. நாம் பயன்படுத்தப்போகும் லூர்களில் பாதி இந்த நான்கையும் நடிப்பதற்காகவே உருவானவை. உயிருள்ள கிரேஃபிஷ்ஷையே கோர்த்துவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் அந்நிய இனங்கள் பரவுவதைத் தடுக்க, பிடித்த அதே நீர்நிலையில் பயன்படுத்தினாலன்றிக் கிரேஃபிஷ்ஷின் தலையைக் கண்ணுக்குப் பின்னால் உடனே நீக்கிவிட வேண்டும் என்று பென்சில்வேனியா 2015 முதல் விதித்துள்ளது. லூர் அந்தத் தொல்லையை மிச்சப்படுத்துகிறது.

அதே கல்லின் அடியில் கரிய நிறத்தில், பக்கவாட்டில் கால்போன்ற இழைகளோடு, இரண்டு மூன்று அங்குல நீளப் புழு ஒன்று ஒட்டியிருக்கவும் கூடும். இது டாப்ஸன் ஈயின் இளம்பருவம். தூண்டில்காரர்கள் ஹெல்கிரமைட் என்பார்கள். விரலைக் கவ்வினால் வலிக்கும். கரையோரத்தில் கூட்டமாக மின்னும் குஞ்சுமீன்கள் மூன்றாவது உணவு. ஜூலை பிற்பகுதியில் அவற்றின் நீளம் எவ்வளவு என்று கவனித்தாலே, மீன்வடிவ லூர் எந்த அளவில் இருக்கவேண்டும் என்ற கேள்வி முடிந்துவிடும்.

மீன் நிற்கும் இடம்

ஓடும் நீரில் மீன் எப்போதும் ஓட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். வேகமான நீர் இரையைக் கொண்டுவரும். ஆனால் அதில் நிற்க மிகுந்த உழைப்பு வேண்டும். ஆகவே வேகமும் மந்தமும் உரசும் எல்லைக்கோட்டில், மந்தமான பக்கத்தில் நின்றுகொண்டு, வேகமான பக்கத்தில் வருவதை எட்டிப் பிடித்துக்கொள்ளும். பாறையின் பின்னால் சுழலும் நீர், பாறைத்தட்டைத் தாண்டி விழும் இடத்தின் கீழ்க்குழி, சலசலக்கும் ஆழமற்ற ஓட்டம் மடுவில் இறங்கும் வாய், தீவின் கீழ்முனையில் இரு ஓட்டங்கள் சேரும் இடம் ஆகியவை கோடையில் முதலில் தேட வேண்டியவை. பெரிய பாறைக்கு முன்னாலும் நீர் மோதித் தணியும் சிறு இடம் ஒன்று உண்டு. எல்லோரும் பாறையின் பின்னாலேயே எறிவார்கள். பெரிய மீன் பலமுறை முன்னால்தான் நின்றிருக்கிறது.

எறியும் திசையையும் இதுவே தீர்மானிக்கிறது. உண்மையான இரை ஓட்டத்தோடுதான் வரும். லூரை மேல்நீரில், அதாவது ஓட்டம் வரும் பக்கத்தில், குறுக்குச்சாய்வாக எறிந்து, ஓட்டத்தோடு கீழே வரவிடுவது இயல்பான தோற்றத்தைத் தரும். கீழ்நீரில் எறிந்து எதிர்த்து இழுப்பது, சுழலும் தகடுள்ள ஸ்பின்னர் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே ஏற்றது.

எடை: முதல் முடிவு

இப்போதுதான் லூர்ப் பெட்டியைத் திறக்க வேண்டும். அடியில் வேலை செய்யும் லூருக்கு எடைதான் உயிர். எடை குறைந்தால் லூர் மீனின் தலைக்குமேல் மிதந்து போய்விடும். கூடினால் இரண்டாவது சுற்றிலேயே பாறையிடுக்கில் செருகிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் ஒரு சரியான எடை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிட விரல் உதவும்.

மேல்நீரில் எறிந்துவிட்டு, தூண்டில் நரம்பைச் சற்றே இறுக்கமாக வைத்து, ஆள்காட்டி விரலை நரம்பின்மேல் லேசாகத் தொட்டுக்கொள்ளுங்கள். லூர் கல்லைத் தொடும்போது "டக்" என்று மெல்லிய தட்டு விரலுக்கு வரும்; பிறகு ஓட்டம் அதைத் தூக்கி ஓரிரு அடி நகர்த்தும்; மறுபடி ஒரு தட்டு. பத்து நொடியில் மூன்று நான்கு தட்டு வந்தால் எடை சரி. ஒரு தட்டும் வராவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். தட்டு வந்து, அதன்பின் எந்த நகர்வும் இல்லாமல் கனத்துக் கிடந்தால் குறைக்க வேண்டும். மீன் கவ்வுவது பெரும்பாலும் கல்லின் தட்டுப்போல் இராது. இருக்கவேண்டிய கனம் திடீரென்று காணாமற்போவதாகவோ, ஈரத்துணியில் மாட்டியதுபோன்ற மென்மையான இழுவையாகவோ இருக்கும். அந்த வேறுபாடு சில நாள் பழக்கத்தில் விரலுக்குத் தெரிந்துவிடும்.

தொடக்கத்துக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். முழங்காலளவு நீரில் 1/16 அவுன்ஸ் (சுமார் 1.8 கிராம்), இடுப்பளவு வரை 1/8 அவுன்ஸ் (சுமார் 3.5 கிராம்), அதைத் தாண்டிய மடுவிலும் வலிய ஓட்டத்திலும் 1/4 அவுன்ஸ் (சுமார் 7 கிராம்). சஸ்குவஹானாவின் கோடை நீருக்கு இந்த மூன்று எடைகளே போதும். கையில் ஒரே வடிவமும் மூன்று எடையும் இருப்பவர், மூன்று வடிவமும் ஒரே எடையும் இருப்பவரைவிட அதிக மீன் காண்பார் என்பது என் துணிபு.

வடிவம்

அடிநீருக்கு முதலிடம் டியூப் ஜிக்குக்கு. உள்ளே கூடான மென்மையான பிளாஸ்டிக் குழாய். ஒருமுனை மூடியிருக்கும், மறுமுனை மெல்லிய இழைகளாகக் கிழிந்திருக்கும். ஈயத்தலையோடு கூடிய முள்ளைக் குழாய்க்குள்ளே செருகி, நரம்பு கட்டும் வளையத்தையும் முள்ளின் முனையையும் வெளியே விடுகிறோம். இது நீரில் நேராக விழாமல் சுழன்று விழும். அடியில் இழுபடும்போது பின்வாங்கும் கிரேஃபிஷ்ஷைப் போலவே தோன்றும். கோடைக்கு 2¾ முதல் 3½ அங்குலம் போதும். இதன் குறை ஒன்றுதான்: திறந்த முள், பாறையில் மாட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு இழப்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்வது மனத்துக்கு நல்லது.

அந்த இழப்பைக் குறைக்க நெட் ரிக் இருக்கிறது. கன்சாஸ் மாநிலத்து மீன்பிடி எழுத்தாளர் நெட் கெடியின் பெயரால் வழங்கும் இந்த அமைப்பில், காளான் தொப்பிபோன்ற சிறு ஈயத்தலையில் 2¾ அங்குல மொட்டைப் புழுத்துண்டு ஒன்று கோர்க்கப்படுகிறது, அவ்வளவுதான். இதற்கெனவே பெயர்பெற்ற ஸி-மேன் நிறுவனத்தின் பிளாஸ்டிக் நீரில் மிதக்கும் தன்மையுடையது. ஆகவே தலை அடியில் நிற்க, உடல் நிமிர்ந்து ஆடும், கொடுக்கை உயர்த்திய கிரேஃபிஷ்போல. தெளிந்த, குறைந்த, சூடான நீரில், வேறு எதையும் மீன் ஏறிட்டுப் பார்க்காத நடுப்பகலில், இது தரும் மீன் வியப்பூட்டும். ஓர் எச்சரிக்கை: அந்த மிதக்கும் பிளாஸ்டிக்கை மற்ற பிளாஸ்டிக் லூர்களோடு ஒரே அறையில் போட்டுவைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படி விட்டுவைத்து, வசந்தத்தில் பெட்டியைத் திறந்தபோது பசைக்கட்டி ஒன்றைத்தான் கண்டேன்.

மடுவின் மந்தமான ஓரங்களுக்கும் நீர்ச்செடி விளிம்புகளுக்கும் ஈயமே இல்லாத 4 அங்குல செங்கோ வகைப் புழு ஏற்றது. உப்புக் கலந்து வார்க்கப்பட்டிருப்பதால் தன் எடையிலேயே இருபுறமும் நடுங்கியபடி மெல்ல இறங்கும். இதற்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமலிருப்பதே; புதியவர்களுக்கு அதுதான் மிகக் கடினம்.

நடுநீரில் குஞ்சுமீனைத் துரத்தும் பாஸுக்கு மூன்று வழிகள் உண்டு. 4 அங்குலப் ஃப்ளூக் வகை மென்பிளாஸ்டிக் மீனை, கோலை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்து, பின் தளர்த்தி, அடிபட்ட மீன்போல் சாயவிடுவது தெளிந்த நீருக்குச் சிறந்தது. துடுப்புவால் அசையும் 2.8 முதல் 3.3 அங்குல ஸ்விம்பெய்ட்டை 1/8 அவுன்ஸ் தலையில் கோர்த்து ஒரே சீராகச் சுற்றுவது, மீன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத புது இடத்தைத் துழாவ உதவும். மூன்றாவது, தண்டைச் சுற்றித் தகடு சுழலும் ஸ்பின்னர். மெப்ஸ் நிறுவனத்தின் 2, 3ஆம் எண் ஸ்பின்னர்கள் தலைமுறைகளாக இந்த ஆறுகளில் மீன் பிடித்துவருகின்றன. நரம்பை முறுக்கிவிடும் என்பதால் சிறு சுழலியை முன்னால் கட்டிக்கொள்ள வேண்டும்.

கலங்கல் நீரில் இவற்றில் பல தோற்கும். மீன் காணாததை உணர வேண்டும்; அதற்கு அதிர்வு வேண்டும். தட்டையான முகப்பலகை கொண்ட சிறிய மீன்வடிவ லூரான கிராங்க்பெய்ட் பாறையில் முட்டி முட்டித் திரும்பும்போதும், 1/4 அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட்டின் அகன்ற தகடு சுழலும்போதும் எழும் துடிப்பு பல அடி தூரம் போகும். கிராங்க்பெய்ட்டைப் பாறையில் மோதாமல் பாதுகாப்பாக ஓட்டுபவர் அதன் பாதிப் பயனை இழக்கிறார். மோதி விலகும் அந்த நொடியில்தான் கவ்வல் பெரும்பாலும் நிகழ்கிறது. ஆனால் ஆகஸ்ட்டில் ஸ்டார்கிராஸ் என்ற நீர்ச்செடி அடர்ந்துவிட்டால் இரண்டு மும்முனை முள்ளும் கீரைக்கட்டாகவே திரும்பி வரும். அப்போது அதைப் பெட்டியில் வைத்துவிடுவதே விவேகம்.

நீர்மேல் லூரைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பதே. விடியலில் முதல் ஒன்றரை மணி நேரமும், மாலையில் கதிர் மரங்களுக்குப் பின் இறங்கிய பிறகும், மேகமூட்டமான நாளில் எந்நேரமும் இதற்குரிய வேளை. நீரைக் குழிந்த வாயால் "பளக்" என்று தெறிக்கும் பாப்பர், பின்னால் சிறு விசிறி சுழலும் டைனி டார்பிடோ, தலையை இடமும் வலமும் திருப்பி நடக்கும் சிறிய ஸ்பூக், வால் முழுவதும் சுழன்று தடதடக்கும் வாப்பர் பிளாப்பர் ஆகியவை பெயர்பெற்றவை. கடைசியாகச் சொன்னதை லாரி டால்பெர்க் வடிவமைத்தார். அதன் பெயரோடு வரும் 75, 90 போன்ற எண்கள் மில்லிமீட்டரில் அதன் நீளம். ஆற்றுப் பாஸுக்கு அந்த இரண்டு அளவும் பொருந்தும். நீர் கண்ணாடிபோல் அசைவற்றிருந்தால் ஸ்பூக் அல்லது சிறு பாப்பர். காற்றால் சிற்றலை எழுந்திருந்தாலோ ஓட்டம் சலசலத்தாலோ பிளாப்பர் என்பது என் பங்கீடு. ஏரிகளில் தவளை லூர் எறிந்து விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு அடுத்த விதி தெரிந்ததுதான்: நீர் வெடித்ததைக் கண்டு கோலை இழுக்காதீர்கள், கனம் கைக்கு வந்தபின் இழுங்கள்.

நிறம்

நிறத்துக்கு நான் ஒதுக்கும் நேரம் சில நொடிகளே. அடியில் போவதற்குக் கல்லின் கீழே கண்ட உயிரின் நிறம்: கடைகளில் கிரீன் பம்ப்கின் என்று விற்கும் பச்சைகலந்த பழுப்பு, தெளிந்த நீரில் எப்போதும் தவறாது. கலங்கலில் அதே டியூபைக் கறுப்பில் போடலாம். ஒளி குறைந்த நீரில் உருவம் அழுத்தமாகத் தெரியும். நடுநீருக்குத் தெளிவில் வெள்ளை அல்லது புகைநிறம், மங்கலில் வெள்ளையோடு எலுமிச்சைப் பச்சை. நீர்மேல் லூரை மீன் கீழிருந்து வானத்தின் பின்னணியில் பார்ப்பதால் அதன் அடிவயிறு வெளிறியதா கறுத்ததா என்பது மட்டுமே பொருட்டு. முதுகில் வரைந்திருக்கும் செதில்களும் கண்களும் நம்மைப் பிடிப்பதற்காக.

கோல், நரம்பு, முள்

ஆறரை முதல் ஏழடி நீள, நடுத்தர வலிமையுள்ள ஸ்பின்னிங் கோல் ஒன்றே இத்தனைக்கும் போதும். ரீலில் 10 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் நான்கைந்து அடிக்கு 8 பவுண்டு ஃப்ளூரோகார்பன் நரம்பு என்பது அடிநீர், நடுநீர் இரண்டுக்கும் ஏற்ற அமைப்பு. ஃப்ளூரோகார்பன் மூழ்கும் தன்மையுடையது. ஆதலால் நீர்மேல் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும். விடியலில் நைலான் நரம்புத் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயில் ஏறியபின் மாற்றுவது நல்லது.

மும்முனை முட்களைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, அதன் முனைக்கருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். பிடித்த மீனை அதிகக் காயமின்றித் திரும்ப விட இது உதவும்; அதற்கு இந்த ஆற்றில் தனிக் காரணம் உண்டு. 2005 முதல் சில கோடைகளில் சஸ்குவஹானாவின் இளம் பாஸ் மீன்கள் நோயுற்றுப் பெருமளவில் மடிந்தன. அதன்பின் ஆற்றின் நடுப்பகுதியில் பாஸ் பிடிப்பதற்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. நீங்கள் இறங்கும் பகுதிக்கு எந்த விதி என்பதை அந்தந்த ஆண்டின் மாநில விதிநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். 16 வயது நிறைந்தவருக்கு உரிமச் சீட்டும் வேண்டும். வெப்பமானி 29 செல்சியஸைத் தாண்டினால் நான் கோலைச் சுருட்டிவிடுவேன். அந்தச் சூட்டில் நீண்ட போராட்டத்துக்குப் பின் விடப்படும் மீன் நீந்திப் போனாலும் பிழைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஹாரிஸ்பர்க்கில் ஆற்றின் குறுக்கே உள்ள டாக் தெரு அணைக்கட்டின் அருகில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். சிறிய தடுப்புப்போலத் தோன்றினாலும் அதன் கீழே உருளும் சுழல் பலரின் உயிரைப் பறித்திருக்கிறது.

ஓர் ஆகஸ்ட் நாளில் வரிசைப்படி

எல்லாவற்றையும் ஒரு நாளில் பொருத்திப் பார்ப்போம். ஹாரிஸ்பர்க்குக்கு வடக்கே டாஃபின் இடுக்கில், பழைய ரயில் பாலத் தூண் ஒன்றின்மேல் சுதந்திர தேவி சிலையின் சிறு நகல் நிற்கும் இடம். அளவியில் 3.4 அடி, நீர் 24 செல்சியஸ், இடுப்பளவில் காலணி தெரிகிறது.

விடியலில் பாறைத்தட்டுக்கு மேலேயுள்ள அமைதியான நீரில் சிறிய ஸ்பூக். ஏழரை மணிக்குக் கதிர் நீரைத் தொட்டதும் மேல்கவ்வல் நிற்கும். மீன் எழுந்து லூரின் பின்னால் ஒரு குமிழை மட்டும் விட்டுத் திரும்பினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அடுத்த இரண்டு மணி நேரம் வெள்ளை ஸ்விம்பெய்ட்டைத் தீவின் கீழ்முனையிலிருந்து விசிறிபோல் எறிந்து துழாவுங்கள். ஒரு மீன் கிடைத்த இடத்தில் நின்று, 1/8 அவுன்ஸ் டியூபைக் கட்டி அதே கோட்டில் அடியைத் தட்டிப் பாருங்கள். கூட நின்ற பெரியது அங்கேதான் இருக்கும். பதினொரு மணிக்கு மேல் மந்தமான மடுக்களை விட்டுவிட்டு நுரைத்து ஓடும் பாறை வாய்களுக்குப் போக வேண்டும். அங்கே 1/16 அவுன்ஸ் நெட் ரிக்கை மேல்நீரில் போட்டு, ஓட்டமே கொண்டுவரும்படி விடுங்கள். முழங்காலளவு நீரில், நடுவெயிலில், ஒன்றரைக் கிலோ மீன் இருக்கும் என்று நம்புவது முதல் முறை கடினம். இரண்டு மணிக்குள் வெப்பமானி 28ஐக் காட்டினால் மாலைவரை நிழலில் உட்காரலாம்.

மாலையில் இந்த ஆற்றுக்கே உரிய ஒரு காட்சி காத்திருக்கிறது. ஜூலை இறுதி முதல் ஆகஸ்ட் வரை, இருட்டும் வேளையில் வெள்ளைநிற மேஃபிளை பூச்சிகள் நீரிலிருந்து கிளம்பும். முதல் மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் ஈசலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திரள் புதிதாக இராது. சில மணி நேரமே வாழும் அவை நீரில் விழ விழ, ஆறு முழுவதும் மீன்வாய்கள் திறந்து மூடும். அப்போது பெரிய பிளாப்பரை எறிந்தால் ஒன்றும் தொடாது; சுற்றிலும் நூறு மீன் உண்ண, நம் கோல் மட்டும் சும்மா இருக்கும். அந்நேரத்துக்கு வெண்ணிறத்தில், இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத பாப்பரைக் கட்டி, மேல்நீரில் போட்டு, அசைக்காமல் ஓட்டத்தோடு வரவிடுங்கள். அருகில் ஒரு வாய் திறந்ததும் ஒரே ஒரு மெல்லிய அசைவு. தலைவிளக்கை மட்டும் கரையேறும்வரை அணைத்தே வைத்திருங்கள்; ஏற்றினால் பூச்சி முழுவதும் முகத்தில்தான் வந்து அப்பும்.